இரண்டு நாள் நடை

காது அடைக்கிறது என்றுதான் வந்தார்.
பார்த்தேன். காதில் ஒன்றுமில்லை.
பத்து நிமிடத்தில் ஏழு போய்விட்டது.
வீபே ஹைட்டிங்கா, அறுபத்து மூன்று வயது,
ஃப்ரீஸ்லாந்தின் இந்தக் கால்வாய்க்கரை ஊரில்
எல்லோருடைய சைக்கிளுக்கும் வைத்தியர்,
எழுந்து போய்க் கதவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
கதவிடம் சொல்வதுபோல் சொன்னார்:
"அண்ணன் கெர்பனுக்கு இடுப்பெலும்பு வரைக்கும் பரவிவிட்டதாம்.
அந்த ரத்தப் பரிசோதனையை
எனக்கும் எடுக்கலாமா?"

எடுக்கலாம்.
எடுக்காமலும் இருக்கலாம்.
இப்படி ஒரு பதிலுக்காகவா ஒன்பது வருடம் படித்தேன்?

உட்காருங்கள் என்றேன்.
வெளியே ஒரு குழந்தை இருமிக்கொண்டே இருந்தது.

இது ஒரு சல்லடை, வீபே.
கண்கள் சீராக இல்லாத சல்லடை.
கல்லென்று மேலே நிற்பது சமயத்தில் வெறும் உமி.
கல்லே சமயத்தில் நழுவிப் போய்விடும்.
கல்லிலும்
சாகும்வரை அசையாமல் கிடந்து
உடையவரோடு மண்ணுக்குள் போவது உண்டு,
உங்கள் அண்ணனுடையதுபோல் உருள்வதும் உண்டு.
எது எதுவென்று இந்த ஓர் எண் சொல்லாது.
தேடிப்போய் அறுத்தெடுத்த பிறகு சிலருக்கு மிஞ்சுவது
நனைந்த உள்ளாடை, கட்டிலில் ஒரு மௌனம்.
சலித்துச் சலித்துப் பார்க்கிறோம்.
நாங்களே சலித்துப்போகும் நாளும் உண்டு.
(கடைசி வரியை அவரிடம் சொல்லவில்லை.)

"நீங்களாக இருந்தால்?"

எனக்கு அந்தச் சுரப்பியே கிடையாதே என்று
சிரித்துத் தப்பப் பார்த்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
என் அப்பாவாக இருந்தால், என்று தொடங்கி
நிறுத்திவிட்டேன்.
அப்பாவிடம் இதைப் பற்றிப் பேசியதே இல்லை நான்.
அன்றிரவு தொலைபேசியில் அழைத்தேன்.
காற்றைப் பற்றிப் பேசினோம். தென்மேற்குக் காற்று.

"எடுங்கள்" என்றார் வீபே.
படிவத்தை நிரப்பிக்கொண்டே
எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன்:
ரத்தம் கொடுக்குமுன் இரண்டு நாள்
சைக்கிள் ஓட்டாதீர்கள்,
இருக்கை அழுத்தினால் எண் ஏறலாம்.

புற்றுநோய் என்றபோது மாறாத முகம்
அப்போது மாறியது.

செவ்வாயும் புதனும்
வீபே நடந்தார்.
ரொட்டிக் கடையில் கேட்டார்கள்:
சைக்கிள்காரருக்கே பஞ்சரா!
தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் பெண்
காரை நிறுத்தி, ஏறுங்கள் என்றாள்.
மனைவி ஆல்ட்யே ஒன்றும் கேட்கவில்லை,
மழைச்சட்டையை மட்டும் எடுத்து நீட்டினாள்.
பாலத்தில் ஷூர்ட்,
படகுக்காரனிடம் சுங்கம் வாங்க
தூண்டில் கயிற்றில் மரச்செருப்பை இறக்கிக்கொண்டிருந்தவன்,
ஏறிட்டுப் பார்த்தான்.

"இரண்டு நாளா?"
"இரண்டு நாள்."

காசு விழுந்தது. செருப்பு மேலே வந்தது.
அவ்வளவுதான் பேச்சு.

அவனுக்கு எப்படித் தெரியும் என்று
என்னிடம் கேட்டார் வீபே.
எனக்குத் தெரியும்.
சொல்லக் கூடாது.

எண் வந்தது: நான்கு புள்ளி ஒன்று.
வேலியின்மேல் உட்கார்ந்த காகம்,
இந்த வயலா அந்த வயலா என்று
கழுத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறது.
ஆறு வாரம் கழித்து மறுபடி எடுப்போம் என்றேன்.
நல்ல செய்தியா என்று கேட்டார்.
செய்தியே இன்னும் வரவில்லை என்றேன்.
"அப்படியென்றால் மறுபடியும் நடக்க வேண்டும்"
என்றார், கடையின் சாவியை விரல்களில் சுழற்றியபடி.

ஆறாவது வாரத்தின் செவ்வாய்க்கிழமை
தடுப்பூசிக்கு அழும் ஒரு பிள்ளையின் தலைக்கு மேலாக
ஜன்னலில் பார்த்தேன்:
கால்வாய்க் கரையில் வீபே நடந்து வருகிறார்,
எதிர்க்காற்று, குனிந்த தலை.
பக்கத்தில் ஷூர்ட்,
தன் சைக்கிளைக் கையால் தள்ளிக்கொண்டு.
போன வாரம்தான் வீபே பழுது பார்த்துக் கொடுத்த சைக்கிள்.
அதில் ஒரு குறையும் இல்லை.